மினசோட்டா ஸ்டேட் ஃபேர்: முதல் தடவை போகிறவர்களுக்கு

ஆகஸ்ட் பிறந்தால் போதும், புதிதாக இங்கே குடிவந்த நண்பர்கள் ஒவ்வொருவராக "ஸ்டேட் ஃபேருக்கு எப்படிப் போவது, உள்ளே என்ன செய்வது" என்று கேட்க ஆரம்பித்துவிடுகிறார்கள். ஸ்டேட் ஃபேர் என்றால் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் வருடா வருடம் நடக்கும் பெரிய சந்தை, மாடு, சாப்பாடு, ராட்டினம் எல்லாம் சேர்ந்த திருவிழா. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாட்ஸ்அப்பில் தட்டிக்கொண்டிருப்பதற்குப் பதிலாக இங்கேயே எழுதிவைத்துவிடுகிறேன். நான்கு முறை போயிருக்கிறேன். அதில் முதல் முறை மகா சொதப்பல். அந்தக் கதை நான்காவது படியில் வருகிறது.

படி 1: நாளைத் தேர்ந்தெடுப்பது

ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி லேபர் டே (செப்டம்பர் முதல் திங்கள், தொழிலாளர் தின விடுமுறை) அன்று முடியும், மொத்தம் 12 நாள். அந்தக் கடைசி சனி, ஞாயிறு, திங்கள் மூன்றையும் மறந்துவிடுங்கள். 2019-இல் 12 நாளில் 21 லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள். அதில் பாதிப் பேர் நாம் போன ஞாயிற்றுக்கிழமைதான் வந்தார்களோ என்று தோன்றும். ஒரு நாள் லீவு போட்டு வாரநாளில் காலையிலேயே போய்விடுங்கள். டிக்கெட்டை முன்கூட்டியே வாங்கினால் விலை குறைவு, வாசலில் வரிசையும் மிச்சம்.

படி 2: பை

தொப்பி, மடக்கிவைக்கிற மழைக்கோட்டு, ஈரத்துணி, தண்ணீர் பாட்டில். இந்த ஊர் ஆகஸ்டை நம்பாதீர்கள், மதியம் வெயில் மண்டையைப் பிளக்கும், சாயங்காலம் இடி இடிக்கும். சாப்பாடு உள்ளே கொண்டுபோகலாம். நாங்கள் ஒரு டப்பா தயிர்சாதம் கொண்டுபோனோம். எண்ணெய்ப் பலகாரமாகத் தின்று தீர்த்த பிறகு மூன்று மணிக்கு அந்த டப்பாவைத் திறந்தபோதுதான் உயிர் வந்தது.

படி 3: காரை எங்கே விடுவது

மைதானம் ஃபால்கன் ஹைட்ஸில், மினியாபோலிஸ், செயின்ட் பால் என்ற இரண்டு நகரங்களுக்கும் நடுவே இருக்கிறது. நேராகக் காரில் போய்ப் பக்கத்துத் தெருக்களில் சுற்றிச்சுற்றி இடம் தேடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். ஊரைச் சுற்றிலும் இலவச பார்க் அண்ட் ரைட் இடங்கள் நிறைய உண்டு. காரை விடுவதற்கும் காசில்லை, அங்கிருந்து மைதானத்துக்குப் போகும் பஸ்ஸுக்கும் காசில்லை. ஃபேரின் இணையதளத்தில் பட்டியல் இருக்கிறது. உங்கள் வீட்டுப் பக்கம் இருப்பதைப் பிடித்துக்கொள்ளுங்கள். காசு கொடுத்து வாசலருகே நிறுத்துவதைவிட இது நூறு மடங்கு நிம்மதி என்பது என் கட்சி.

படி 4: திரும்பி வரும் பஸ் (இதைத் தவறாமல் படியுங்கள்)

முதல் வருடம் காலையில் குஷியாகக் காரை விட்டுவிட்டு பஸ் ஏறினோம். எந்த இடம்? ஒரு சர்ச் வாசல். அவ்வளவுதான் மனதில் இருந்தது. இரவு ஒன்பதரைக்குக் கால் இரண்டும் கழன்று விழுகிற நிலையில் பஸ் நிற்கும் இடத்துக்கு வந்தால், வரிசையாகப் பஸ்கள், ஒவ்வொன்றின் முன்னாலும் ஒவ்வொரு பெயர். அந்தப் பெயர்களில் மூன்று சர்ச்!

"காலையில வெள்ளைக் கோபுரம் இருந்துச்சே" என்றார் அம்மா. எந்த சர்ச்சில்தான் இல்லை? இருப்பதில் பழகின பெயராகத் தெரிந்த ஒன்றில் ஏறினோம். இருபது நிமிடம் கழித்து இறங்கினால் சர்ச் இருந்தது, கோபுரமும் இருந்தது, எங்கள் கார் இல்லை. போனில் மூன்று சதவீதம் சார்ஜ். மறுபடி அதே பஸ்ஸில் மைதானத்துக்கே வந்து, இன்னொன்றில் ஏறி, வீடு சேரும்போது மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது.

ஆகவே செய்ய வேண்டியது:

காரை விட்டு இறங்கியதும் அந்த இடத்தின் பெயர்ப்பலகையை ஒரு போட்டோ. மேப்பில் ஒரு பின். மைதானத்தில் இறங்கியதும், நீங்கள் இறங்கிய நிறுத்தத்தின் பலகையை இன்னொரு போட்டோ, பக்கத்து வாசலின் எண் தெரிகிற மாதிரி. எல்லாப் பஸ்ஸும் ஒரே வாசலில் விடுவதில்லை. அப்புறம் இந்த இரண்டு படங்களையும் கூட வந்த இன்னொருவர் போனுக்கும் அனுப்பிவிடுங்கள். கடைசி பஸ் எப்போது என்று டிரைவரிடமே கேட்டுவிடுங்கள்.

படி 5: காலையில் மாடு, அப்புறம் மற்றதெல்லாம்

நுழைந்ததும் எல்லோரும் சாப்பாட்டுக் கடைக்கு ஓடுவார்கள். நீங்கள் தொழுவங்களுக்குப் போங்கள். காலையில் கூட்டமும் குறைவு, நாற்றமும் குறைவு. பசு, குதிரை, செம்மறி, பன்றி என்று தனித்தனிக் கொட்டகைகள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் தாங்கள் வளர்த்த கன்றுக்குத் தண்ணீர் பீய்ச்சித் தேய்த்துக்கொண்டிருப்பார்கள்.

விட்டுவிடக் கூடாதது, மிராக்கிள் ஆஃப் பர்த் சென்டர். கன்று ஈனுவதைக் கண்ணெதிரே பார்க்கலாம். நாங்கள் போனபோது ஒரு பசுவுக்குக் கன்றின் முன்னங்கால் இரண்டும் வெளியே தெரிந்தன. சுற்றி நின்றவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்க, அம்மா மட்டும் "தலை நேராத்தான் வருது, பயமில்ல" என்று எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். கன்று விழுந்ததும் நீலக் கோட்டுப் போட்ட ஒரு மாணவியிடம் என்னைக் கேட்கச் சொன்னார்: சீம்பாலை என்ன செய்வார்கள்? கன்றுக்குத்தான் முதலில் கொடுப்போம் என்றாள் அந்தப் பெண். மொழிபெயர்த்தேன். "அது சரி, மிச்சம்?" என்றார் அம்மா. அதை நான் கேட்கவில்லை.

வெளியே வரும்போது கையை நன்றாகக் கழுவுங்கள். குழந்தைகள் இருந்தால் இரண்டு தடவை.

படி 6: வெண்ணெய்ச் சிலையும் விதைப் படமும்

பால்பண்ணைக் கட்டடத்தில் கண்ணாடிக் குளிர்அறை ஒன்று மெல்லச் சுற்றிக்கொண்டிருக்கும். உள்ளே குளிர்காலக் கோட்டு மாட்டிய ஒரு பெண் அசையாமல் உட்கார்ந்திருப்பார். எதிரே சிற்பி, 90 பவுண்டு வெண்ணெய்க் கட்டியில் அவர் முகத்தைச் செதுக்கிக்கொண்டிருப்பார். நம் கணக்கில் சுமார் 41 கிலோ. பிரின்சஸ் கே ஆஃப் த மில்க்கி வே என்ற பட்டத்துக்கு (மாநிலப் பால்பண்ணைக்காரர்களின் தூதராக ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுப்பது) இறுதிச் சுற்றுவரை வந்த பெண்கள்தான் இப்படி முறைவைத்து உட்காருகிறார்கள். 1965-இலிருந்து நடக்கிறது. சிலையை அந்தப் பெண்ணே வீட்டுக்கு எடுத்துப்போகலாம்.

வேளாண் கட்டடத்தில் விதைகளை ஒட்டிச் செய்த படங்கள் இருக்கும். வரிசை நீளம்தான், ஆனாலும் நில்லுங்கள். தள்ளி நின்றால் போட்டோ மாதிரி இருக்கும், மூக்கை ஒட்டிப் பார்த்தால் கடுகும் தினையும் ஆளி விதையும். எந்தெந்த விதை என்று படத்தோடு ஒட்டியும் காட்டியிருப்பார்கள்.

படி 7: சாப்பாடு

ஒரே விதிதான். எதையும் ஆளுக்கொன்று வாங்காதீர்கள். நான்கு பேருக்கு ஒன்று வாங்கி, நின்றபடி பகிர்ந்து தின்றுவிட்டு அடுத்த கடைக்கு நகருங்கள்.

என் வரிசை: நெருப்பில் சுட்டு வெண்ணெயில் முக்கிய சோளக் கதிர், சீஸ் கர்ட்ஸ் (பாலாடைக்கட்டித் துண்டுகளை மாவில் தோய்த்துப் பொரித்தது, ஆறிவிட்டால் ரப்பர், சூட்டோடு தின்ன வேண்டும்), வேளாண் கட்டடத்தில் தேன் ஐஸ்கிரீம், அப்புறம் எத்தனை தம்ளர் வேண்டுமானாலும் குடிக்கலாம் என்கிற பால் கடை.

சைவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: கார்ன் டாக் என்ற பெயரில் சோளம் இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள். மாவில்தான் சோளம், உள்ளே சாஸேஜ். என் மைத்துனர் பாதி கடித்த பிறகு கண்டுபிடித்தார். ப்ரான்டோ பப் என்பதும் அதன் பங்காளிதான்.

இங்கே பாதிப் பண்டம் குச்சியில்தான் வரும். ஆங்கிலத்தில் குச்சியும் தடியும் ஒரே 'ஸ்டிக்'தான். "மெதுவாகப் பேசு, கையில் பெரிய தடி வைத்துக்கொள்" என்று தியோடர் ரூஸ்வெல்ட் பேசியது இதே ஃபேரில்தான், 1901 செப்டம்பர் 2-ஆம் தேதி. அப்போது அவர் துணை அதிபர், இரண்டு வாரத்துக்குள் அதிபராகிவிட்டார். இப்போது வருகிறவர்கள் தடியை மட்டும் பிடித்துக்கொண்டார்கள், மெதுவாகப் பேசுவதை விட்டுவிட்டார்கள்.

ஸ்வீட் மார்த்தாஸ் என்ற கடையின் குக்கி வாளியைக் கடைசியில் வாங்குங்கள். மூடி போட முடியாதபடி குவித்துத்தான் தருவார்கள். மேலே இருப்பதைத் தின்றால்தான் மூடலாம். ஆகவே பால் கடைக்குப் பக்கமாக நின்று திறப்பது நல்லது.

படி 8: விளையாட்டும் கச்சேரியும்

ராட்டினங்களில் எனக்கு ஈடுபாடில்லை. 1915-இலிருந்து ஓடும் ஓல்ட் மில் படகுக்கு மட்டும் போவேன், இருட்டுச் சுரங்கத்தில் உட்கார்ந்து காலுக்கு ஓய்வு. கிராண்ட்ஸ்டாண்ட் என்ற பெரிய அரங்கின் கச்சேரிக்குத் தனி டிக்கெட். சின்ன மேடைகளில் நாள் முழுக்க இலவசமாகப் பாடுகிறார்கள், எனக்கு அதுவே போதும். மதியம் இரண்டு மணி ஊர்வலத்துக்கு நிழலான ஓரமாக முன்பே இடம் பிடியுங்கள்.

பின்சேர்க்கை 1: சீஸ் கர்ட்ஸ் பொரிக்கும் எண்ணெயில் அசைவமும் பொரிக்கிறார்களா என்று ஒருவர் கேட்டிருந்தார். கடைக்குக் கடை மாறும், கவுன்ட்டரில் கேட்டால் சொல்கிறார்கள். சீஸில் சேர்க்கும் உறைபொருளும் சிலவற்றில் விலங்கிலிருந்து வருவது. கறாரான சைவமென்றால் சோளக் கதிரோடு நில்லுங்கள்.

பின்சேர்க்கை 2: குழந்தைத் தள்ளுவண்டியோடு போகிறவர் ஒருவர், பஸ்ஸில் ஏற வண்டியை மடக்க வேண்டியிருந்தது, அதில் தொங்கிய குக்கி வாளி கவிழ்ந்துவிட்டது என்று எழுதியிருக்கிறார். வாளியை மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.