‘ஈரலில் கொழுப்பு’ என்று அறிக்கை வந்தால்: ஸ்காபரோவிலிருந்து ஒரு வழிகாட்டி

ஸ்கான் அறிக்கையில் ‘ஈரலில் கொழுப்புப் படிந்துள்ளது’ என்று இருந்தால், அதை மடித்து அலுமாரியில் வைத்துவிடாதீர்கள். என் கணவரின் அறிக்கை எங்கள் வீட்டில் எட்டு ஆண்டுகள் அப்படித்தான் கிடந்தது. “எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்கு இது உண்டு” என்றார் வைத்தியர். நாங்களும் தலையாட்டிவிட்டு வந்தோம். என் கணவர் மதுவைத் தொட்டதே இல்லை. நீரிழிவு மட்டும் இருந்தது. வயிறும் காலும் வீங்கி அவசரப் பிரிவுக்கு ஓடிய இரவில்தான் ‘சிரோசிஸ்’ (ஈரல் முழுவதும் தழும்பேறி இறுகிவிடும் நிலை) என்ற சொல்லை முதன்முதலில் கேட்டேன். இவர் போய் நான்கு ஆண்டுகள் ஆகின்றன. இப்போது உறவினர் யாராவது இத்தகைய அறிக்கையோடு வந்தால் மேசையில் பென்சிலும் தாளும் எடுத்து வைத்துவிடுவேன்.

முதலில் இரத்தப் பரிசோதனை முடிவின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். ஏ.எஸ்.ரி (AST), ஏ.எல்.ரி (ALT) என்ற இரண்டு ஈரல் நொதிகளின் அளவு, குருதிச் சிறுதட்டுக்களின் (platelets) எண்ணிக்கை ஆகிய மூன்றும் அதில் வேண்டும். பல அறிக்கைகளில் ஏ.எல்.ரி மட்டுமே இருக்கும். ஏ.எஸ்.ரி இல்லையென்றால் அதையும் எடுக்கும்படி வைத்தியரிடம் கேளுங்கள்.

இனிக் கணக்கு. ஈரலில் தழும்பு விழுந்திருக்குமா என்று மதிப்பிட உதவும் இதற்குப் பெயர் ‘பிப்-4’ (FIB-4). வயதை ஏ.எஸ்.ரி.யால் பெருக்குங்கள். சிறுதட்டு எண்ணிக்கையை ஏ.எல்.ரி.யின் வர்க்கமூலத்தால் பெருக்குங்கள். முதல் விடையை இரண்டாவதால் வகுங்கள். வயது 58, ஏ.எஸ்.ரி 48, ஏ.எல்.ரி 64, சிறுதட்டு 180 என்று வைத்துக்கொள்வோம். 58ஐ 48ஆல் பெருக்கினால் 2784. 64இன் வர்க்கமூலம் 8. அதை 180ஆல் பெருக்கினால் 1440. வகுத்தால் 1.93 வரும்.

1.3க்குக் கீழே என்றால் ஈரலில் பெரிய தழும்பு இருக்க வாய்ப்புக் குறைவு. 2.67க்கு மேலே என்றால் ஈரல் நிபுணரிடம் அனுப்பும்படி கேட்க வேண்டும். 1.93 போல இடையில் நின்றால், ஈரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அளக்கும் ‘பைப்ரோஸ்கான்’ தேவை. அதற்கு மூன்று மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் போக வேண்டும். வலது விலாவில் மெல்லத் தட்டுவது போல இருக்கும், வலி இல்லை. கட்டணம் உண்டா என்று முன்பே விசாரியுங்கள். 65 வயதைத் தாண்டியவர்களுக்கு 1.3க்குப் பதில் 2.0 என்பதே எல்லை. 35 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இந்தக் கணக்கை நம்ப முடியாது. ஏ.எல்.ரி சரியாக இருக்கிறது என்பதற்காக விட்டுவிடாதீர்கள். அது சரியாக இருக்கும்போதே தழும்பு வளரக்கூடும்.

அதே இரத்தத்தில், வைரஸால் வரும் ஈரல் அழற்சிகளான ஹெப்பரைற்றிஸ் பி, சி இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். சி வைரஸ் அடையாளம் காணப்பட்டதே 1989இல்தான். கனடாவில் தானமாகக் கிடைத்த இரத்தத்தை அதற்காகச் சோதிக்கத் தொடங்கியது 1990இல். அதற்கு முன் எங்காவது இரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். இன்று அதற்கு எட்டு முதல் பன்னிரண்டு வாரக் குளிசைகள் போதும். அநேகமாக எல்லோருக்கும் முற்றாகக் குணமாகிவிடுகிறது.

அடுத்தது பலர் செய்யத் தயங்குவது: கனடியக் கல்லீரல் அறக்கட்டளையைத் தொலைபேசியில் அழையுங்கள். ‘அது குடிகாரர்களுக்கானது’ என்று என் மச்சாள் முகத்துக்கு நேரே சொன்னார். அந்த வெட்கம்தான் எங்களை வாய் திறக்க விடாமல் வைத்திருந்தது. 1969இல் வைத்தியர்களும் வணிகப் பிரமுகர்களும் சேர்ந்து அதைத் தொடங்கியபோதே, எல்லா ஈரல் நோய்களுக்குமாகத்தான் தொடங்கினார்கள். உலகிலேயே அப்படி அமைந்த முதல் அமைப்பு அது. அப்போது சி வைரஸ் கண்டுபிடிக்கப்படவில்லை. பி தடுப்பூசியும் வந்திருக்கவில்லை. ஆராய்ச்சிக்குப் பணம் திரட்டுவது, மக்களுக்கு விளக்குவது, நோயாளிக்குத் துணை நிற்பது, அரசிடம் பேசுவது ஆகிய நான்கும் அவர்களுடைய வேலை. 1945 முதல் 1975 வரை பிறந்த எல்லோரும் சி வைரஸுக்கான பரிசோதனையைச் செய்ய வேண்டும் என்று வலியுறுத்தியவர்களும் அவர்களே.

அழைக்கும்போது அறிக்கையைக் கையில் வைத்திருங்கள். கேள்விகளை முன்பே தமிழில் எழுதுங்கள். அவர்கள் உங்கள் நோயைக் கண்டறிந்து சொல்ல மாட்டார்கள். அது வைத்தியரின் வேலை. அறிக்கையில் உள்ள சொற்களை விளக்குவார்கள், வைத்தியரிடம் என்ன கேட்கலாம் என்று சொல்வார்கள். ஆங்கிலம் சிரமம் என்றால் பிள்ளையைப் பக்கத்தில் இருத்தி, ஒலிபெருக்கியில் பேசுங்கள். தொலைபேசியைப் பிள்ளையிடமே கொடுத்துவிட்டால், அம்மா பயந்துவிடுவார் என்று பாதியை விழுங்கிவிடும். என் மகன் அப்படிச் செய்தான், அன்பினால்தான்.

சாப்பாட்டைப் பற்றி நீட்டத் தேவையில்லை. உடல் எடையில் ஏழு முதல் பத்து சதவீதம் குறைந்தால் ஈரலின் அழற்சி தணிகிறது. 80 கிலோ உள்ளவருக்கு அது ஆறு முதல் எட்டுக் கிலோ. தேநீரில் போடும் சீனியிலிருந்து தொடங்குங்கள். சீனி போடாத கோப்பி ஈரலுக்கு நல்லது.

கீழ்க்காய்நெல்லி பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். 1988இல் சென்னை ஆய்வாளர்கள், நோபல் பரிசு பெற்ற புளும்பேர்க்குடன் சேர்ந்து, ஹெப்பரைற்றிஸ் பி உள்ளவர்களிடம் அதைச் சோதித்து நம்பிக்கையூட்டும் முடிவை வெளியிட்டார்கள். பின்னர் வேறு இடங்களில் நடந்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. அதை நம்பி வைத்தியர் தந்த மருந்தை நிறுத்த வேண்டாம். கறியில் போடும் மஞ்சளுக்குப் பயப்பட வேண்டியதில்லை. மஞ்சள் குளிசைகள் வேறு, அவை சிலரின் ஈரலைக் கெடுத்திருக்கின்றன.

கணக்கு நல்லதாக வந்தாலும் அத்தோடு முடியாது. நீரிழிவு உள்ளவர்கள் ஓரிரு ஆண்டுகளுக்கு ஒருமுறையும் மற்றவர்கள் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறையும் திரும்பப் பார்க்க வேண்டும். வைத்தியரின் அறையில் கதிரையை விட்டு எழும்பும் முன்பே அடுத்த பரிசோதனை எப்போது என்று கேளுங்கள். அவர் சொல்லும் திகதியை அறிக்கையின் தலைப்பில் பேனாவால் எழுதி, குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவிடுங்கள்.