கிரய ஒப்பந்தம் முறிந்த பிறகு வீட்டில் இருப்பவரைச் சட்டப்படி வெளியேற்றுவது எப்படி

முன்பணத்தை வாங்கியதுமே, கிரயப் பத்திரம் பதிவாகும் முன்பு, வாங்குபவரிடம் சாவியைக் கொடுத்துவிடும் வழக்கம் தமிழ்நாட்டில் இன்னும் இருக்கிறது. மீதித் தொகை வராமல் கெடுவும் கடந்து, உள்ளே வந்தவர் நகர மறுக்கும்போது, முதலில் எடுத்துப் படிக்க வேண்டியது அந்த ஒப்பந்தத்தைத்தான். அதில் 'சொத்தின் சுவாதீனம் இன்றே ஒப்படைக்கப்பட்டது' (அதாவது சொத்து அவர் வசம் விடப்பட்டது) என்ற வரி இருக்கிறதா, அது பதிவு செய்யப்பட்ட ஆவணமா என்ற இரண்டு கேள்விகளுக்கான விடையே வழக்கின் போக்கைப் பெரும்பாலும் தீர்மானிக்கும்.

1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம், பிரிவு 54-இன்படி, விற்பனை ஒப்பந்தம் மட்டும் வாங்குபவருக்குச் சொத்தில் எந்த உரிமையையும் தராது. ஆனால் ஒப்பந்தப்படி சுவாதீனம் பெற்று, தன் பங்கை நிறைவேற்றியவரை அல்லது நிறைவேற்ற இன்னும் தயாராக இருப்பவரை, பிரிவு 53-ஏ பாதுகாக்கிறது. 24.09.2001 முதல் எழுதப்பட்ட ஒப்பந்தங்களுக்கு, அவை பதிவாகியிருந்தால்தான் இந்தப் பாதுகாப்பு கிடைக்கும். பதிவாகாத ஒப்பந்தம் வெறும் காகிதம் என்றும் நினைத்துவிடக் கூடாது. ஏற்றதை ஆற்றக் கோரும் வழக்கில், அதாவது ஒப்பந்தப்படி கிரயம் செய்து தர உத்தரவிடக் கோரும் வழக்கில், அதைச் சான்றாகக் காட்டலாம் என்று, தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே 2023-இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது.

'மூன்று வருடம் ஆகிவிட்டது, இனி அவரால் ஒன்றும் செய்ய முடியாது' என்று பலர் நம்புகிறார்கள். ஏற்றதை ஆற்றக் கோரும் வழக்குக்குக் காலவரையறை மூன்றாண்டு என்பது சரிதான். ஆனால் அந்தக் காலம் கடந்த பிறகும் 53-ஏ பிரிவைத் தற்காப்பாக எழுப்பலாம் என்று 2002-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. ஆகவே பதிவான ஒப்பந்தம் உள்ள இடத்தில், காலம் கடந்ததைவிட, அவரிடம் மீதிப் பணம் தரும் தயார்நிலை இருந்ததில்லை என்பதை நிரூபிப்பதிலேயே உங்கள் பலம் இருக்கிறது.

அதனால் வக்கீல் நோட்டீஸை அவசரத்தில் அனுப்பாதீர்கள். கெடு தேதி, வந்த தொகை, வராத தொகை, பத்திரப் பதிவுக்கு நீங்கள் அழைத்த நாள் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, ஒப்பந்தம் ரத்து செய்யப்படுகிறது என்று தெளிவாக எழுதி, சுவாதீனத்தை ஒப்படைக்க நியாயமான அவகாசம் கொடுத்து, முன்பணத்தை என்ன செய்யப்போகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். பதிவு வசதியும் ஒப்புகையும் சேர்த்து ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள். வாங்க மறுத்து, தபால்காரரின் குறிப்போடு உறை திரும்பி வந்தால், பிரிக்காமல் அப்படியே வைத்திருங்கள். நீதிமன்றத்தில் அது உங்களுக்காகப் பேசும்.

பூட்டை உடைப்பது, மின் இணைப்பைத் துண்டிப்பது, ஆள் வைத்து மிரட்டுவது எதுவும் வேண்டாம். சட்ட வழியின்றி வெளியேற்றப்பட்டவர், 1963-ஆம் ஆண்டின் குறித்தவகைத் தீர்வுச் சட்டம் (Specific Relief Act) பிரிவு 6-இன்கீழ் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டால், சொத்து யாருடையது என்று பாராமலே நீதிமன்றம் அவரைத் திரும்ப உள்ளே வைக்கும். அந்த நிலையில் சொந்தக்காரர் எதிர்வாதியாக நிற்க வேண்டிவரும்.

அவகாசம் முடிந்ததும், சொத்து இருக்கும் இடத்து உரிமையியல் நீதிமன்றத்தில் சுவாதீனம் கோரி வழக்குத் தாக்கல் செய்ய வேண்டும். வாடகைச் சட்டத்தின் வழி இங்கே பொதுவாகப் பொருந்தாது. அவர் முன்பே வாடகைதாரராக இருந்து பிறகு ஒப்பந்தம் போட்டவர் என்றால், அதைத் தனியாக ஆராய வேண்டும். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டதன் மூலம் உங்களை உரிமையாளராக ஏற்றுக்கொண்டவர் என்பதால், உரிமை பற்றிப் பெரிய தகராறு பொதுவாக எழாது. நீதிமன்றக் கட்டணம் சந்தை மதிப்பின் மீது கணக்கிடப்படுகிறது. 2017-இல் அது 3 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. 60 லட்ச ரூபாய் வீட்டுக்கு 1,80,000 ரூபாய் ஆகும் என்பதால், பணத்தை முன்கூட்டியே திரட்டிவையுங்கள். உரிமையின்றி அவர் வீட்டை அனுபவித்த காலத்துக்குத் தர வேண்டிய இடைக்கால வருமானத்தையும் (mesne profits), வேறொருவரை உள்ளே விடாதிருக்கத் தடையுத்தரவையும் சேர்த்தே கேளுங்கள். அவர் ஏற்கெனவே ஏற்றதை ஆற்றக் கோரி வழக்குப் போட்டிருந்தால், இரண்டையும் ஒன்றாக விசாரிக்க மனுச் செய்யலாம்.

தீர்ப்பாணை கிடைத்தாலும் வீடு தானாகக் கைக்கு வராது. நிறைவேற்றுதல் மனு போட்டு, நீதிமன்ற உத்தரவை நேரில் நிறைவேற்றும் ஊழியரான அமீனா மூலம் சுவாதீனம் எடுக்க வேண்டும். எதிர்ப்பு இருக்கும் என்று தெரிந்தால் பூட்டை உடைக்கவும் காவல்துறைப் பாதுகாப்புக்கும் முன்கூட்டியே உத்தரவு வாங்கிக்கொள்ளுங்கள். அன்று அமீனா எழுதும் ஒப்படைப்புக் குறிப்பில் மின் மீட்டர் அளவும் வீட்டில் கிடந்த பொருள்களின் பட்டியலும் இருக்கும்படி பார்த்துக்கொண்டு, அவர் கிளம்புவதற்குள் புதுப் பூட்டைப் போட்டுவிடுங்கள்.