பிரஷர் கேனரில் பீன்ஸ் பதப்படுத்துதல்: முதன்முறை செய்வோருக்கு

தோட்டத்துப் பீன்ஸைக் கண்ணாடி ஜாடிகளில் அடைத்து ஓராண்டு வரை வைத்துக்கொள்வது அமெரிக்க வீடுகளில் நெடுநாள் வழக்கம். அங்கு குடியேறிய தமிழர் இதைத் தொடங்கும்போது, ஊரிலிருந்து கொண்டுவந்த குக்கரே போதாதா என்று கேட்பதுண்டு. போதாது. அமெரிக்க வேளாண்மைத் துறை குறித்துள்ள நேரங்கள், ஏறத்தாழ 1 லிட்டர் கொள்ளும் குவார்ட் ஜாடிகள் குறைந்தது 4 நிற்கக்கூடிய பெரிய கேனர், அதாவது ஜாடிகளை நீராவி அழுத்தத்தில் சூடாக்கும் பாத்திரம், மெதுவாகச் சூடேறி மெதுவாக ஆறுவதையும் கணக்கில் கொண்டவை. சிறிய குக்கர் விரைவில் ஆறிவிடுவதால் உணவுக்குச் சேர வேண்டிய வெப்பம் குறைந்துபோகும்.

பீன்ஸ் அமிலம் குறைந்த காய். அமிலத்தன்மை எண் (pH; இது கூடக்கூட அமிலம் குறைவு) 4.6-க்கு மேலுள்ள உணவைக் காற்றுப் புகாமல் அடைத்தால், கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்னும் நுண்ணுயிரியின் வித்துகள் முளைத்து உயிர்கொல்லும் நஞ்சை உண்டாக்கலாம். கொதிநீரின் 100 டிகிரி செல்சியஸ் அவ்வித்துகளை அழிக்காது. 116 டிகிரிக்குக் குறையாத சூடு வேண்டும். அது நீராவி அழுத்தத்தில்தான் கிடைக்கும்.

பீன்ஸை நறுக்கி 5 நிமிடம் கொதிக்கவிட்டு, சூடான ஜாடிகளில் வெந்நீரோடு நிரப்புங்கள். மேலே 1 அங்குலம் காலியாக இருக்கட்டும். உள்ளே சிக்கிய காற்றுக் குமிழிகளை மெல்லிய பிளாஸ்டிக் கரண்டியால் வெளியேற்றி, விளிம்பைத் துடைத்து, புதிய தகர மூடியை வைத்து, வளையத்தை விரல் நுனியின் பலத்தால் மட்டும் திருகுங்கள். கேனரின் அடியில் தாங்குதட்டும் 2 முதல் 3 அங்குலம் வெந்நீரும் இருக்க வேண்டும். ஜாடிகளை அந்தத் தட்டின் மேல் வையுங்கள்.

அடுத்த படியைத்தான் புதியவர்கள் அவசரத்தில் தவறவிடுகிறார்கள். கேனரை மூடியதும் வெயிட்டைப் போடாதீர்கள். ஆவித்துளையிலிருந்து நீராவி சீறிக்கொண்டு இடைவிடாமல் வரத் தொடங்கிய பின், 10 நிமிடம் அப்படியே விடுங்கள். உள்ளே காற்று தங்கினால், அழுத்தமானி சரியான எண்ணைக் காட்டினாலும் உள்வெப்பம் அந்த அளவை எட்டியிருக்காது.

பிறகு வெயிட்டைப் போட்டு, முள் அழுத்தமானி உள்ள கேனரில் 11 பவுண்டும் (சதுர அங்குலத்துக்கான அழுத்தம்), வெயிட் வகைக் கேனரில் 10 பவுண்டும் எட்டிய நொடியிலிருந்து, பைன்ட் (ஏறத்தாழ அரை லிட்டர்) ஜாடிக்கு 20 நிமிடமும் குவார்ட் ஜாடிக்கு 25 நிமிடமும் கணக்கிடுங்கள். இது தாழ்நிலப் பகுதிகளுக்கான அளவு. 5,280 அடி உயரத்திலுள்ள டென்வரில் முறையே 13, 15 பவுண்டு தேவை. இடையில் அழுத்தம் இறங்கினால், மீண்டும் ஏற்றி நேரத்தை முதலிலிருந்து எண்ணுங்கள்.

அடுப்பை அணைத்த பின் குக்கருக்குச் செய்வதுபோல் தண்ணீர் ஊற்றாதீர்கள். ஜாடிகளிலிருந்து நீர் வெளியேறிவிடும், கண்ணாடி உடையவும் கூடும். தானாக அழுத்தம் இறங்கியதும் வெயிட்டை எடுத்து, 10 நிமிடம் கழித்து, ஆவி முகத்தில் அடிக்காதவாறு திறக்க வேண்டும். ஜாடிகள் 12 முதல் 24 மணி நேரம் ஆறிய பின், நடுவில் அழுத்தினால் எழும்பும் மூடி சரியாக அடைபடவில்லை. அந்த ஜாடியைக் குளிர்ப்பெட்டியில் வைத்து விரைவில் உண்ணலாம். உப்பிய மூடியோ கசிவோ பின்னாளில் தென்பட்டால் சுவைத்துப் பார்க்காமலே அப்புறப்படுத்துங்கள்.

பராமரிப்பில் முதலிடம் அழுத்தமானிக்கு. ஆண்டுதோறும், பருவத்துக்கு முன்பே அதைச் சரிபார்த்துவிட வேண்டும்; பல கவுண்டிகளின் (அமெரிக்க மாவட்டங்களின்) வேளாண் விரிவாக்க அலுவலகங்கள் இதைச் செய்து தருகின்றன. 2 பவுண்டுக்கு மேல் பிசகினால் புதியது வாங்குவதே நல்லது. கேஸ்கட் விறைத்தோ வெடித்தோ போயிருந்தால் மாற்றுங்கள். ஆவித்துளையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, அடைப்பிருந்தால் நூலை நுழைத்து இழுத்துச் சுத்தம் செய்யுங்கள். மூடியைக் கழுவும்போது அழுத்தமானி தண்ணீரில் முங்கக் கூடாது. நன்றாக உலர்ந்த பின் மூடியைக் கவிழ்த்துப் பாத்திரத்தின் மேல் வைத்தால், உள்ளே ஈரமும் வாடையும் தங்காது.