ஆபிரிக்க நாடுகளின் சனநாயகத்தைக் கொப்பியில் குறித்துப் படிக்கும் முறை

எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்துக்குப் பத்திரிகை வாசிக்க வருபவர்கள், ஆபிரிக்காவில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றிய செய்தியைக் கண்டதும் கண்டம் முழுவதையும் ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அங்கே 54 நாடுகள் உள்ளன. உயர்தரத்தில் அரசியல் விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைகளாவது அவற்றைத் தனித்தனியாகப் பார்க்கப் பழக வேண்டும் என்பதே என் விருப்பம்.

ஒரு கொப்பியில் கானா, மலாவி, தென்னாபிரிக்கா என மூன்று நாடுகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆளுங்கட்சி தேர்தலில் தோற்று ஆட்சியைக் கையளித்த ஆண்டுகளை முதலில் எழுதுங்கள். கானாவுக்கு 2000, 2008, 2016, 2024 ஆகிய தேர்தல்கள் வரும். 2008இன் இரண்டாம் சுற்றில் வித்தியாசம் அரை சதவீதத்துக்கும் குறைவாக இருந்தும் ஆட்சி கைமாறியது என்பதை அருகில் குறியுங்கள்.

அடுத்து, ஆட்சியாளருக்கு "முடியாது" என்று சொன்னது எந்த நிறுவனம், அவர் அதற்குக் கட்டுப்பட்டாரா என்று தேடுங்கள். என் கணிப்பில் தேர்தல் நாளைவிட இதுவே முக்கியம். மலாவியில் 2019 தேர்தலின் முடிவுப் படிவங்கள் பலவற்றில் இலக்கங்கள் வெள்ளை மையால் அழித்துத் திருத்தப்பட்டிருந்தன. தேர்தல் கடமைக்குப் போய்வந்த ஆசிரியர் ஒருவரிடம், படிவத்தில் ஓர் இலக்கம் பிழைத்தால் எப்படித் திருத்த வேண்டும் என்று கேட்டுவிட்டு இதை வாசித்தால் அதன் பாரதூரம் விளங்கும். குண்டு துளைக்காத மேலங்கி அணிந்து, இராணுவப் பாதுகாப்புடன் நீதிமன்றம் வந்த ஐந்து நீதிபதிகள் 2020 பெப்ரவரி 3ஆம் திகதி அத்தேர்தலைச் செல்லாததாக்கினர். பதவியிலிருந்த பீற்றர் முத்தாரிக்கா மேன்முறையீடு செய்தும் தோற்றார்; யூன் மாத மறுதேர்தலில் லாசரஸ் சக்வேரா வென்றார்.

தென்னாபிரிக்காவின் பக்கத்தில் பணத்தைப் பின்தொடருங்கள். சனாதிபதி யேக்கப் சூமாவின் இன்காண்ட்லா வீட்டில் பாதுகாப்பு என்ற பெயரில் அரச பணத்தில் நீச்சல் தடாகமும் மாட்டுப்பட்டியும் கோழிக்கூடும் கட்டப்பட்டதைப் அரச முறைகேடுகளை விசாரிக்கும் பொதுப் பாதுகாவலர் தூலி மடொன்செலா 2014இல் அறிக்கையாக வெளியிட்டார். பணத்தில் ஒரு பகுதியைத் திருப்பிச் செலுத்தும்படி அவர் இட்ட பரிகாரக் கட்டளை சனாதிபதியையும் கட்டுப்படுத்தும் என்று அரசியலமைப்பு நீதிமன்றம் 2016 மார்ச் 31இல் தீர்ப்பளித்தது. அவ்வாண்டிலேயே சூமா 78 இலட்சம் ராண்டைத் திருப்பிச் செலுத்தினார். அறிக்கை, தீர்ப்பு, பணம் ஆகிய மூன்றின் திகதிகளையும் ஒரே வரிசையில் எழுதுங்கள். இடைவெளி எவ்வளவு என்பது கண்ணுக்குத் தெரியும்.

மாலி (2020, 2021), புர்கினா பாசோ (2022இல் இருமுறை), நைஜர் (2023) ஆகிய நாடுகளின் இராணுவப் புரட்சிகளையும் மறைக்காமல் தனிப் பக்கத்தில் பதியுங்கள்.

ஒவ்வொரு நாட்டுக்கும் கடைசியில் அரைப் பக்கம் வெறுமையாக விடுங்கள். 2025 செப்டெம்பரில் மலாவி மக்கள் சக்வேராவைத் தோற்கடித்து அதே முத்தாரிக்காவை வாக்குச்சீட்டால் திரும்பக் கொண்டுவந்தபோது, அதை எழுத என் கொப்பியில் இடம் இருக்கவில்லை.