ஃபாஃப்சால வெளிநாட்டு வருமானம்: நம்ம ஆளுங்க சொதப்புற இடங்கள்

காலேஜ் படிப்புக்கு அமெரிக்க அரசாங்க பண உதவி கேட்டு போடற ஃபார்ம்தான் ஃபாஃப்சா. அப்பாவுக்கு துபாய்ல வேலை, அம்மாவும் பொண்ணும் நியூ ஜெர்சில, மூணு பேருமே அமெரிக்க சிட்டிசன்னு வெச்சுக்கோங்க. அப்பா சம்பளம் வருஷத்துக்கு 1,10,000 டாலர். துபாய்ல இன்கம் டாக்ஸ் கிடையாது, அமெரிக்காவுல வெளிநாட்டு சம்பளத்தை கழிக்கற ஃபார்ம் 2555 போட்டா 2024க்கு 1,26,500 டாலர் வரைக்கும் கழிச்சுக்கலாம், ஆக ரிட்டர்ன்ல ஏஜிஐ (சில கழிவுகள் போக நிக்கற வருமானம்) பூஜ்யம். உடனே "நமக்குத்தான் வருமானமே இல்லையே, பெல் கிராண்ட் (திருப்பித் தர வேண்டாத அரசாங்க உதவி) 7,395 டாலர் முழுசா வந்துடும்"னு கணக்கு போட்டுடறாங்க. வராதுங்க.

அந்த கழிச்ச தொகை 1040ங்கற ரிட்டர்ன் ஃபார்மோட ஷெட்யூல் 1ல 8டி லைன்ல மைனஸ்ல உட்கார்ந்திருக்கும். ஃபாஃப்சா அதை தனியா கேக்குது. மத்த வருமான நம்பர் பெரும்பாலும் அமெரிக்க வரித்துறையான ஐ.ஆர்.எஸ்.லேருந்து தானா வந்துடும், இது வராது, நாமதான் டைப் பண்ணணும், அதனாலயே நிறைய பேர் காலியா விட்டுடறாங்க. முன்னாடி காலேஜ் எய்ட் ஆபீஸ் (பண உதவியை பாத்துக்கற பிரிவு) பாத்து முடிவு பண்ற விஷயமா இருந்துச்சு. 2025 ஜூலைல வந்த சட்டப்படி 2026-27லேருந்து பெல் கிராண்ட் தகுதி பாக்கறப்போ இந்த வருமானத்தை ஏஜிஐயோட சேர்த்துதான் பாப்பாங்க. தெரிஞ்சே மறைச்சா 20,000 டாலர் வரைக்கும் அபராதம், ஜெயில்னு ஃபார்ம்லயே போட்டிருக்கு, அதனால "யாரு பாக்கப்போறா"ன்னு விளையாடாதீங்க.

இன்னொண்ணு, 2026-27 ஃபாஃப்சா பாக்கறது 2024 வருமானத்தை. அப்பா இப்போ வேலை போய் ஊர் திரும்பிட்டாருன்னா ஃபார்ம்ல நம்பரை மாத்தக்கூடாது, ஃபார்மை உள்ளபடி போட்டுட்டு, காலேஜ் எய்ட் ஆபீஸுக்கு டாக்குமென்ட்டோட எழுதி கேளுங்க, மாத்தற அதிகாரம் அவங்களுக்கு இருக்கு.

என்னைக் கேட்டா இதை விட பெரிய சொதப்பல் என்.ஆர்.இ. எஃப்டி (என்.ஆர்.ஐ.ங்க இந்திய பேங்க்ல போடற டெபாசிட்) தான். இந்தியாவுல அந்த வட்டிக்கு டாக்ஸ் இல்லைன்னு பேங்க்ல சொல்லுவாங்க, அது உண்மைதான், ஆனா கிரீன் கார்டோ சிட்டிசன்ஷிப்போ இருந்தா உலகத்துல எங்க சம்பாதிச்சாலும் அமெரிக்க ரிட்டர்ன்ல காட்டணும். 50 லட்சம் எஃப்டி, 7 சதவீதம்னா வட்டி 3.5 லட்சம், டாலர் 85 ரூபாய்னு வெச்சா 4,100 சொச்சம். இதை விட்டுட்டா ஏஜிஐயே தப்பு, அந்த தப்பு அப்படியே ஃபாஃப்சாவுக்கும் போகும். ஊர்ல நிலத்துலேருந்து வர்ற குத்தகை, வீட்டு வாடகை எல்லாத்துக்கும் இதே கதைதான். ஃபார்ம் 2555ல இதையும் கழிச்சுக்கலாம்னு சிலர் நினைக்கறாங்க, முடியாது, அது உழைச்சு வாங்கற சம்பளத்துக்கு மட்டும். ஏற்கனவே விட்டிருந்தா ஃபாஃப்சா போடறதுக்கு முன்னாடி சி.பி.ஏ.கிட்ட (அமெரிக்க ஆடிட்டர்) பேசி ரிட்டர்னை திருத்தி அமென்ட் பண்ணிடுங்க. எஃப்டி, ஊர்ல வாங்கிப்போட்ட பிளாட் இதெல்லாம் சொத்து கேள்வில வரும், நாம குடியிருக்கற வீடு வராது.

அடுத்தது, பையன் அமெரிக்காவுல பொறந்தான், குடும்பம் சென்னைக்கு திரும்பிடுச்சு, இப்போ காலேஜுக்கு மட்டும் அங்க போறான், சித்தப்பா வீட்ல தங்கறான். இங்க சித்தப்பா வருமானத்தை போடறாங்க! சட்டப்படி தத்து எடுத்திருந்தா ஒழிய அவர் கணக்குலயே வரமாட்டார். அப்பா அம்மாதான் ஃபாஃப்சாவுக்கு அக்கவுன்ட் ஓப்பன் பண்ணி, வரி விவரம் எடுக்க கன்சென்ட் குடுக்கணும், சோஷியல் செக்யூரிட்டி நம்பர் இல்லைன்னாலும், அமெரிக்காவுல ரிட்டர்னே போட்டதில்லைன்னாலும் குடுத்தே ஆகணும், இல்லைன்னா ஃபெடரல் எய்ட் ஒரு பைசா கிடையாது. இந்திய வரி ரிட்டர்னான ஐ.டி.ஆர்.ல இருக்கற 18,00,000ஐ ரூபாயாவே அடிச்சுட்டு சப்மிட் குடுத்தா 18 லட்சம் டாலர் சம்பளக்காரர் ஆயிடுவீங்க, ஃபார்ம் போடற சமயத்து ரேட்ல டாலரா மாத்திட்டு அடிங்க.

எஃப்-1 (மாணவர்), ஹெச்-4 (வேலை விசாக்காரர் குடும்பம்) விசால இருக்கற பசங்களுக்கு ஃபாஃப்சாவே கிடையாது, அவங்களுக்கு சில காலேஜ்ங்க சி.எஸ்.எஸ். ப்ரொஃபைல்னு இன்னொரு பண உதவி ஃபார்ம் கேப்பாங்க. அது இன்னும் துருவும், டாக்ஸ் கட்டாத வருமானம், தாத்தா பாட்டி குடுக்கற பணம்னு தோண்டித் தோண்டி கேக்கும். கல்ஃப்ல ரிட்டர்ன்னு ஒண்ணு இல்லாததால காலேஜ் ப்ரூஃப் கேட்டா காட்ட ஒண்ணும் இருக்காது, கம்பெனி லெட்டர்ஹெட்ல வருஷ சம்பளம், வீட்டு அலவன்ஸ், ஸ்கூல் ஃபீஸ் அலவன்ஸ் எல்லாம் பிரிச்சு போட்ட சர்டிஃபிகேட்டை ஹெச்.ஆர்.கிட்ட முன்னாடியே கேட்டு வாங்கி வெச்சுக்கோங்க.