வீட்ல பெரியவங்க ரொம்ப டல்லா இருந்தா

2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் தண்ணி வீட்டுக்குள்ள வந்துச்சுல்ல, அதுக்கப்புறம் எங்க அம்மா மழை சத்தம் கேட்டாலே எந்திரிச்சு உக்காந்துருவாங்க, கேட்டா "ஒண்ணுமில்லடா, நெஞ்சு கரிக்குது"ன்னு ஜெலுசில் தேடுவாங்க. நம்ம ஊரு பெரியவங்க மனசு சரியில்லன்னு வாயத் திறந்து சொல்லவே மாட்டாங்க, தூக்கம் வரல, பசிக்கல, உடம்பெல்லாம் வலின்னுதான் சொல்லுவாங்க, நாமளும் வயசாயிடுச்சுன்னு விட்டுடுவோம்.

இதுக்குன்னே போன்ல பேச நம்பர் இருக்கு. 14416, டெலி மானஸ், மத்திய அரசோட மனநல ஹெல்ப்லைன், ஃப்ரீ, ராத்திரி ரெண்டு மணிக்கும் பேசலாம், தமிழ்லயே பேசுவாங்க. இன்னொன்னு 14567, எல்டர்லைன், 60 வயசு தாண்டினவங்களுக்குன்னே இருக்கு, பென்ஷன் பிரச்சினை, பிள்ளைங்க கவனிக்கலங்கிறது வரைக்கும் கேப்பாங்க, ஆனா காலைல 8ல இருந்து ராத்திரி 8 வரைக்கும்தான். நம்பர எழுதிக் குடுத்தா கூப்பிட மாட்டாங்க, நீங்களே டயல் பண்ணி ஸ்பீக்கர்ல போட்டு கைல குடுத்துட்டு வெளிய போயிடுங்க (நாம பக்கத்துல இருந்தா வாயே திறக்க மாட்டாங்க, எங்க வீட்ல அப்படித்தான்).

நேர்ல காட்டணும்னா மாவட்ட அரசு ஆஸ்பத்திரியிலயே மனநலப் பிரிவு இருக்கும். போறப்ப சாப்பிடுற மாத்திரை எல்லாத்தையும் அட்டையோட எடுத்துட்டுப் போங்க, தைராய்டு, பி12 குறைஞ்சாக்கூட இப்படி சோர்ந்து போவாங்க.

ஒண்ணு மட்டும், நேத்து வரைக்கும் நல்லா இருந்தவங்க திடீர்னு ஆள் அடையாளம் தெரியாம உளறினா அது மனக்கவலைன்னு நினைச்சு ஹெல்ப்லைன்ல பேசிட்டு இருக்காதீங்க, யூரின் இன்ஃபெக்ஷன், சோடியம் குறையறது, ஸ்ட்ரோக் எதுவாவும் இருக்கலாம், உடனே 108 கூப்பிடுங்க.