மோட்டார் ஓடுச்சா இல்லையா: கமாண்ட் ஸ்டேட்டஸை ஏபிஐ வழியாகப் பார்ப்பது எப்படி

சேலம் ஐந்து ரோட்டில் உட்கார்ந்துகொண்டு, ஏற்காட்டில் நாகலூர் பக்கம் இருக்கும் ஒரு காபி எஸ்டேட்டின் மோட்டாரை ஆன் செய்வதும் ஆஃப் செய்வதும் என் வேலைகளில் ஒன்று. டிசம்பர் மாதம், பழம் பறிக்கும் நேரம். பறித்த பழத்தை அன்றைக்கே பல்பரில் (பழத்தோலை உரிக்கும் மெஷின்) போட்டாக வேண்டும், ராத்திரி தாண்டினால் புளிக்க ஆரம்பித்துவிடும், அதனால் சாயங்காலத்துக்குள் மேல் தொட்டி நிரம்பியிருக்க வேண்டும். பட்டனை அழுத்தினேன், திரையில் பச்சை. பத்து நிமிடத்தில் மேஸ்திரியிடமிருந்து போன்: “தம்பி, ஓடுதுன்னு சொன்னீங்க, இங்க குழாய்ல காத்துதான் வருது.” மறுபடி அழுத்தினேன், இன்னொரு தடவையும் அழுத்தினேன். பச்சை, பச்சை. கடைசியில் கையால் ஸ்டார்ட்டரைப் போட்டுச் சமாளித்தார்கள். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு மலையில் சிக்னல் திரும்பியதும், வரிசையில் தேங்கிக் கிடந்த ‘ஆன்’ கமாண்டுகள் போய்ச் சேர்ந்து, விடிந்து பார்த்தால் தொட்டி வழிந்து களத்தில் காயப் போட்டிருந்த கொட்டைக்கு அடியெல்லாம் தண்ணீர்.

தப்பு என் கோடில்தான். ஏபிஐ, அதாவது ஒரு ப்ரோக்ராம் இன்னொரு ப்ரோக்ராமிடம் வேலை சொல்லும் வழி, மூலமாக என் கமாண்டை வாங்கிய சர்வர் அனுப்பிய பதில் எண் 202. எச்டிடிபி (இணையத்தில் கேள்வியும் பதிலும் போகும் முறை) விதிப்படி 202 என்றால் ‘கேட்டதை வாங்கிக்கொண்டேன், இன்னும் முடியவில்லை’ என்றுதான் பொருள், முடியுமா என்பதற்குக்கூட அதில் உத்தரவாதம் கிடையாது. நான் அதற்கே பச்சை காட்டியிருந்தேன்.

சரி, எப்படிச் செய்யணும் என்று பார்ப்போம். கமாண்டை போஸ்ட் செய்ததும் (சர்வருக்கு அனுப்பியதும்) பதிலில் ஒரு கமாண்ட் ஐடி வரும், சில சர்வர்கள் எங்கே போய் விசாரிப்பது என்ற முகவரியையும் லொகேஷன் ஹெடரில் (ஹெடர் என்பது செய்தியோடு சேர்ந்து போகும் குறிப்பு) தரும். அந்த ஐடியை முதலில் டேட்டாபேஸில் எழுதுங்கள், மற்றதெல்லாம் பிறகு. அதைத் தொலைத்துவிட்டால் விசாரிக்க வழியில்லாமல் மறுபடி பட்டனைத்தான் அழுத்துவீர்கள், என்னைப் போல. கமாண்டே ‘ஆன்’ அல்லது ‘ஆஃப்’ என்று தெளிவாக இருக்கட்டும். ‘இருப்பதை மாற்று’ என்று ஒன்று வைத்தால் இரண்டு தடவை போனாலே வம்பு.

பிறகு அந்த ஐடியைச் சேர்த்து ஒரு கெட் ரிக்வெஸ்ட் (தகவல் கேட்பது), ஆதரைசேஷன் ஹெடரில் டோக்கன் (நமக்கு அனுமதி உண்டு என்று காட்டும் சாவி). வரும் ஜேசனில் (பெயரும் மதிப்புமாக எழுதிய பதில்) நிலை, அனுப்பிய நேரம், மோட்டார் பக்கத்துக் கருவி பதில் சொன்ன நேரம், பிழைக் காரணம் ஆகிய நான்கையும் தேடுங்கள். நிலையின் பெயர்கள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அமேசானின் ஏடபிள்யூஎஸ் ஐஓடி ஜாப்ஸில் (கருவிகளுக்கு வேலை அனுப்பும் சேவை) பார்த்தால் க்யூட் (வரிசையில்), இன் ப்ராக்ரஸ், சக்ஸீடட், ஃபெயில்ட், டைம்ட் அவுட், ரிஜெக்டட் என்று போகும். இதில் எதெல்லாம் கடைசி நிலை, எதெல்லாம் நடுவழி என்று ஆவணத்தைப் பார்த்து ஒரு பட்டியல் போட்டுக்கொள்ளுங்கள். கடைசி நிலை வந்ததும் கேட்பதை நிறுத்திவிடலாம்.

எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை கேட்பது? நான் 2 வினாடியில் ஆரம்பித்து 4, 8, 16 என்று கூட்டி 30-ல் நிறுத்திக்கொள்கிறேன். 429 வந்தால் அவசரப்படுகிறீர்கள் என்று அர்த்தம், ரீட்ரை ஆஃப்டர் ஹெடர் இருந்தால் அதில் சொன்ன நேரம் சும்மா இருங்கள். 401 என்றால் டோக்கனைப் பாருங்கள். இங்கே எல்லோரும் வழுக்குகிற இடம் ஒன்று: விசாரிக்கப் போன ரிக்வெஸ்ட் 500 (சர்வர் பக்கப் பிழை) வாங்கினாலோ டைம் அவுட் ஆனாலோ கமாண்ட் தோற்றுவிட்டது என்று எழுதிவிடாதீர்கள். விசாரணைதான் தோற்றது, மோட்டார் அங்கே நிம்மதியாக ஓடிக்கொண்டிருக்கலாம்.

அந்த இரண்டு மணி கூத்துக்கு மருந்து, கமாண்டுக்குக் காலாவதி வைப்பது. ஏபிஐயில் அந்த வசதி இருந்தால் 5 நிமிடம் போதும், அதற்குள் கருவி வாங்கவில்லை என்றால் வரிசையிலிருந்தே போய்விடும். இல்லையென்றால் நாமே கேன்சல் கமாண்ட் அனுப்பி, அது கேன்சல் ஆனதா என்று அதன் நிலையையும் விசாரிக்க வேண்டும், ஆமாம், அது தனி ரோதனை. நேரத்தைப் பார்க்கும்போது இன்னொன்று, கடைசியில் ‘இசட்’ எழுத்து இருந்தால் அது யுடிசி (உலகப் பொது நேரம்), நம் நேரத்துக்கு 5:30 மணி கூட்டணும். இதைக் கவனிக்காமல் நான் முதலில், ராத்திரி நடந்த கூத்தை முந்தின நாள் ராத்திரி 8:30 மணிக்கே நடந்ததாக நினைத்து, யார் அழுத்தினார்கள் என்று மேஸ்திரியையே கேட்டுவிட்டேன்.

கடைசி நிலை ‘வெற்றி’ என்று வந்த பிறகும் ஒரு வேலை பாக்கி. அது பெரும்பாலும் ரிலே (கருவிக்குள் இருக்கும் மின்சார சுவிட்ச்) ஒட்டியது என்பதோடு நின்றுவிடும். ஒரு ஃபேஸ் இல்லை, ஓவர்லோடு ட்ரிப் ஆகியிருக்கிறது என்றால் ரிலே ஒட்டியும் மோட்டார் எடுக்காது. அதனால் கருவி அனுப்பும் ஆம்பியர் ரீடிங்கை, கமாண்ட் முடிந்த நேரத்துக்குப் பிறகு வந்ததா என்று பார்த்து, தனியாக எடுத்துப் பாருங்கள். எங்களுடையது 5 எச்பி மூன்று ஃபேஸ், சுமையோடு ஓடினால் 7 ஆம்பியர் பக்கம் காட்டும். 0 என்றால் ஸ்டார்ட்டர் எடுக்கவில்லை, வழக்கத்தைவிட ரொம்பக் குறைவு என்றால் தண்ணீர் இல்லாமல் வெறுமனே சுற்றுகிறது, உடனே ஆஃப்.

இப்போது திரையில் பச்சை விளக்கே கிடையாது. ‘அனுப்பியாச்சு’, ‘கருவி வாங்கியாச்சு’, ‘ஓடுது’ என்று மூன்று வரி, மூன்றாவது வரியில் ஆம்பியர். மேஸ்திரி போனிலும் அதே திரைதான், அவர் முதல் இரண்டு வரியைப் படிப்பதேயில்லை. “ஏழு வந்துருச்சா தம்பி?” என்பார், அவ்வளவுதான்.